தயிர் விழுந்த அண்டா

மரியத்தின் வலது தோள்பட்டைதான் அன்று அலாரத்துக்கு முன்னால் எழுந்தது. முந்தின நாள் உறைந்து கிடந்த கோழி ஐம்பது கிலோவை இளக வைத்து, கழுவி, துண்டு போட்டு அடுக்கிய வலி. கை தோளுக்கு மேலே ஏறவில்லை. முக்காட்டை இடது கையால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“தோளு கழண்டு வந்துரும்போல இருக்கு” என்றாள்.

எதிர்க் கட்டிலில் ஹபீப் முகம்மது முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு முட்டி கழண்டு ஆறு வருசமாச்சி. நம்ம ரெண்டு பேரையும் பிரிச்சி மாட்டுனா ஒரு ஆளு தேறும்.”

அபுதாபியின் முசஃபா தொழிற்பேட்டையில் பிக்அப் ஓட்டுகிறவர் அவர். அதற்கு முன் சவூதியில், ஜுபைலில் பைப் ஃபிட்டர். உடம்பையும் இரும்புச் சாமான் மாதிரியே பேசிப் பழக்கம்.

மகள் நஜீஹா கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கட்டுமானக் கம்பெனி ஆபீசில் ஆட்கள் பிரிவில் அவளுக்கு வேலை. சென்ற வாரம் அவள்தான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்த விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் இருநூற்றெண்பது பேருக்கு நாலு மாதமாகச் சம்பளம் இல்லை. இப்போது மெஸ்ஸையும் மூடிவிட்டார்கள். ஆட்கள் குப்பூஸ் ரொட்டியையும் டீயையும் வைத்து நாளைத் தள்ளுகிறார்கள். மரியம் மறுநாளே அதைத் தான் வேலை பார்க்கும் இடத்தில் சொல்லிவிட்டாள். அதன் பலன்தான் இந்த ஐம்பது கிலோ கோழியும் இந்தத் தோள்வலியும்.

நஜீஹா வாசலில் நின்று ஒரு விஷயத்தைக் கறாராகச் சொன்னாள். இன்று கேம்ப்பில் வெளியாட்கள் சாப்பாடு போடுவதைப் பார்த்து எண்ணி வர ஆபீஸ் அவளைத்தான் அனுப்புகிறது.

“அங்க வந்து என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, ப்ளீஸ். மெஸ் மூடுன விஷயத்த யாரு வெளிய லீக் பண்ணுனதுன்னு மேனேஜர் தேடிக்கிட்டிருக்காரு.”

“நீ யாரும்மா, எந்த ஊரு?” என்றார் ஹபீப்.

நஜீஹா சிரிக்காமல் போய்விட்டாள்.

மரியம் வேலை பார்ப்பது அபுதாபியில் இருக்கும் நாற்பது யூதக் குடும்பங்களின் பொதுச் சமையலறை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சனிக்கிழமை இருட்டும்வரை அவர்கள் அடுப்புப் பற்ற வைப்பதில்லை. அந்த ஒரு நாளுக்கான சாப்பாடு வெள்ளி மதியத்துக்குள் இங்கிருந்து வீடு வீடாகப் போய்விட வேண்டும். மரியம் அங்கே சேர்ந்து இரண்டு வருஷம்.

சேர்ந்தபோது சொந்தத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். காயல்பட்டினத்திலிருந்து ஹபீபின் மச்சான் ரிபாய், போயும் போயும் யூதன் வீட்டு அடுப்பா என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான். இவருக்கு அஞ்சு மாதம் வேலை இல்லாமல் இருந்தபோது இந்தக் குரல் எங்கே போயிருந்தது என்று மரியம் திருப்பி ஒரு குரல் அனுப்பினாள். அதோடு சரி.

சமையலறையை நடத்துகிறவள் ரிபெக்கா. மும்பைப் பக்கம் தாணேக்காரி, அவளும் யூதப் பெண். அவளுடைய முன்னோர்கள் கொங்கண் கரையில் செக்காட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொட மாட்டார்களாம். அதனால் ஊர்க்காரர்கள் அவர்களைச் சனிக்கிழமைச் செக்கார் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். மரியமும் அவளும் ஹிந்தியில்தான் பேசிக்கொள்வார்கள். மரியம் அவளை மேடம் என்பாள். அவள் மரியத்தை ஆபா என்பாள், அக்கா என்ற அர்த்தத்தில்.

அங்கே இருந்த பெரிய பிரீசரின் கீழ்த்தட்டு யாருக்கும் சொந்தமில்லாதது. வயலை அறுக்கும்போது மூலையை அறுக்காமல் ஏழைக்கு விடவேண்டும் என்பது அவர்கள் வேதத்தில் உள்ள கட்டளை. இந்தப் பாலைவனத்தில் யாருக்கு வயல் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு குடும்பமும் கோழி வாங்கும்போது ஒன்றைக் கீழ்த்தட்டில் விட்டுவிடும். எட்டு மாதத்தில் சேர்ந்ததுதான் இந்த ஐம்பது கிலோ.

கேம்ப் விஷயத்தை மரியம் சொன்ன அன்றைக்கே ரிபெக்கா கீழ்த்தட்டைத் திறந்து பார்த்தாள். பிறகு உட்கார்ந்து கடிதம் எழுத ஆரம்பித்தாள். கம்பெனிக்கு ஒன்று, தொழிலாளர் துறைக்கு ஒன்று. பதில் வரவில்லை என்று மறுபடி ஒன்று. கடிதத்தை விட்டுவிட்டுக் கோழியை எடுத்து வைக்கலாமே என்று மரியம் கேட்டதற்கு அவள் சொன்னது: “சாப்பாடு போடுறது பாதி வேலைதான் ஆபா. ஏன் சாப்பாடு இல்லைன்னு கேக்குறது மீதிப் பாதி.”

அந்த யூதக் குடும்பங்களின் சபைப் பெரியவர் ஒருவருக்கு இதில் பயம் இருந்தது. சனிக்கிழமைச் சாப்பாடு வேகும் அதே அண்டாவில் வெளியாட்களுக்குச் சமைக்கப் போய், சட்டத்தில் ஏதாவது பிசகிவிட்டால் என்ன செய்வது? பிசகினால் கேம்ப் சமையல் அத்தோடு நின்றுபோகும் என்றார். மரியம் ஆபாவின் கைக்கு நான் பொறுப்பு என்று ரிபெக்கா அவரிடம் சொல்லியிருந்தாள்.

அந்தச் சட்டம் மரியத்துக்கு மனப்பாடம். முதல் நாளே ரிபெக்கா அடுப்பு முன்னால் நிறுத்தி வைத்துச் சொன்னது. கறியும் பாலும் சேரக் கூடாது. மோர், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் இந்த வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. கறியோடு பால் சேர்ந்து வெந்தால் அதைச் சாப்பிடக் கூடாது, விற்கக் கூடாது, இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, நாய்க்குக்கூட வைக்கக் கூடாது. குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

அன்று வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ரிபெக்கா வந்து நான்கு அடுப்பையும் தன் கையால் பற்ற வைத்தாள். அடுப்பைப் பற்ற வைப்பது மட்டும் அவர்களில் ஒருவர் செய்யவேண்டியது. பிறகு சாப்பாடு விநியோகத்துக்கு அனுமதி பெற்ற அறக்கட்டளையில் முத்திரை வாங்கி வரக் கிளம்பினாள். கண்காணிக்க எப்போது வேண்டுமானாலும் திரும்பி வருவேன் என்று வழக்கம்போல் சொன்னாள். இரண்டு வருஷமாக அது ஒரு சம்பிரதாயப் பேச்சாகியிருந்தது.

ஒன்பதரைக்கு ஹபீப் பிக்அப்பில் அரிசியும் வெங்காயமும் தயிர் வாளிகளும் கொண்டுவந்தார். தயிர், கேம்ப்பில் போய் மோர் அடிக்க. தனி வாளி, தனி கரண்டி, எல்லாம் ரிபெக்கா ஏற்பாடு. அது வண்டியிலேயே இருக்கவேண்டியது. ஆனால் மே மாத வெயில். வண்டியின் பின்பக்கத் தகட்டில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். புளித்துப்போகும் என்று ஹபீப் இரண்டு வாளியை மட்டும் தூக்கி வாசலுக்கு உட்பக்கம் நிழலில் வைத்தார். வைத்ததை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவும் இல்லை.

கோழியில் இஞ்சியும் பூண்டும் மிளகாய்த்தூளும் போட்டு மரியம் பிசைய ஆரம்பித்தாள். ஹபீப் வெங்காயக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தார். வெங்காயம் அரிந்தால் அவருக்கு ஜுபைல் வந்துவிடும்.

“அப்ப எங்க ரூம்ல பதினாலு பேரு. கஃபீல் மொதலாளி எங்க போனான்னே தெரியாது. சம்பளம் இல்ல, இக்காமா பெர்மிட்டு முடிஞ்சி போச்சி, வெளிய போனா புடிப்பான். ஏழு மாசம். ஒரு குப்பூஸை நாலாப் பிச்சி, சீனி போட்ட கறுப்பு டீயில முக்கித் திம்போம். அந்த டீக்கி ஒரு ருசி இருந்திச்சி பாரு. அதுமாதிரி ஒரு டீ இன்னிக்கி வரைக்கும் நான் குடிக்கல.”

பட்டினி கிடந்த இடத்தை ஒரு மனிதன் இவ்வளவு ஆசையாகப் பேசுவது மரியத்துக்குப் புதிதில்லை. வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைக்கு நடந்து போய்த் தூண்டில் போட்டதும், பெயின்ட் டப்பா மூடியில் மீன் சுட்டதும், பதினாலு பேரில் ஒரே ஆளிடம் நல்ல சட்டை இருந்ததால் போட்டோ எடுக்க எல்லோரும் அதையே மாற்றி மாற்றிப் போட்டதும் அவளுக்கு வரிசையாகத் தெரியும். அந்தச் சட்டையில் இவர் நிற்கும் படம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. தோள் இரண்டும் சட்டைக்குப் போதாமல் எலும்பாக இருக்கும்.

அப்போதெல்லாம் கேசட்டில்தான் கடிதம். இவர் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். புதுப் பெண்டாட்டியாக மரியம் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். அதில் பாதி சாப்பாடுதான். இன்றைக்கு மெஸ்ஸில் கோழி, நேற்று ஆட்டுக்கால், போன வெள்ளி பிரியாணி, ஆனாலும் உன் கை பிரியாணி மாதிரி இல்லை, நீ தயிரைக் கொஞ்சம் கூடவே ஊற்றிப் பிசைவாயே அந்தப் புளிப்பு இங்கே எவனுக்கும் வரவில்லை என்று. மனுஷன் நன்றாகத்தான் சாப்பிடுகிறார் என்று அவள் பொறாமைப்பட்டிருக்கிறாள். எல்லாம் பொய் என்று ஊருக்கு வந்து இறங்கிய அன்றைக்குத்தான் தெரிந்தது. இல்லாத சாப்பாட்டை ஏழு மாதமாக அவளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியிருக்கிறார்.

“அந்த கேசட்டுல எம் பிரியாணியச் சொல்லுவியளே” என்றாள்.

“அதச் சொல்லும்போது மட்டும் பொய் சொல்லல” என்றார்.

மரியம் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். வாசலோரம் நிழலில் இருந்த வாளியை இழுத்தாள். மூடியைத் தட்டித் திறந்து கோழியின் மேல் சாய்த்தாள். வழித்து ஊற்றினாள். பிசைந்தாள். முப்பது வருஷமாக அந்தக் கை செய்துவந்த வேலை. தோள் வலியோடு அதைச் செய்து முடித்ததில் ஒரு திருப்திகூட இருந்தது.

முதல் அண்டாவில் எண்ணெய் காய்ந்து வெங்காயம் சிவந்திருந்தது. பிசைந்ததில் கால்பங்கை அள்ளிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மசாலாவுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் திரி திரியாகப் பிரிந்து வந்தது.

கரண்டி நின்றது.

இந்த அடுப்பில் இரண்டு வருஷமாக அவள் அந்த வெள்ளையைப் பார்த்ததில்லை.

திரும்பி வாளியைப் பார்த்தாள். பிறகு பேசினில் பிசைந்து கிடந்த மீதிக் கோழியைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை.

ஹபீபுக்குச் சொல்லிப் புரியவைக்க இரண்டு நிமிஷம் ஆனது. வாளியை உள்ளே வைத்தது தான்தான் என்று உணர்ந்தபோது அவர் முகம் செத்துப்போனது. உடனே மேடத்துக்கு போன் செய்கிறேன் என்று மரியம் கையைத் துடைத்தாள். அவர் போனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“சொன்னா என்ன ஆவும்? அதச் சொல்லு.”

“பொதைக்கணும். அம்புட்டையும்.”

“இருநூத்தெம்பது பேரு ரெண்டு நாளா இன்னிக்கி கோழின்னு காத்துக் கெடக்கான். நீ போயி, கோழி வெந்திச்சி, மணமாவும் இருந்திச்சி, ஆனா குழியில போட்டுட்டோம்னு சொல்லப் போறியா? நான் கெடந்திருக்கேன் மரியம். ஒரு தடவ ஜுபைல்ல கல்யாண மண்டபத்துல மிஞ்சுன சோறு தாறேன்னு ஒருத்தன் சொல்லிட்டு வரல. அன்னிக்கி ராத்திரி பசியில அழல, வரல்லேன்னு அழுதோம்.”

மரியம் அடுப்பின் தீயைக் குறைத்தாள். இன்னொரு பக்கம் அவளுக்குத் தெரியும். நாளைக்கு இதே அண்டாவில் நாற்பது வீட்டுக்குச் சாப்பாடு வேகவேண்டும். நமக்கு ஆகாத பன்றிக் கொழுப்பைத் தெரிந்தே ஒருத்தி அண்டாவில் போட்டு, சொல்லாமல் நமக்குப் பரிமாறினால் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்? அந்தப் பெயர் இன்றைக்கு மரியத்துக்கு.

கடைசியில் ஒரு நடுவழி கண்டுபிடித்தாள். கேம்ப்பில் கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்ததும் சொல்லிவிடுவது. அதன் பிறகு புதைக்க எதுவும் இருக்காது. நாளைச் சமையலும் தொடங்கியிருக்காது. இது கள்ளத்தனம் என்று தெரிந்துதான் அதைத் தேர்ந்தெடுத்தாள். மீதிக் கோழியையும் மற்ற மூன்று அண்டாவில் போட்டாள்.

பன்னிரண்டரைக்கு ரிபெக்கா முத்திரை வைத்த காகிதத்தோடு நேராகக் கேம்ப்புக்கு வந்து சேர்ந்தாள். முகம் மலர்ந்திருந்தது. தொழிலாளர் துறையிலிருந்து பதில் வந்துவிட்டதாம். அடுத்த வாரம் ஒரு அதிகாரி கேம்ப்பைப் பார்க்க வருகிறாராம்.

கேம்ப் முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்புகளில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குளித்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டு, பெருநாளுக்கு உட்கார்ந்த மாதிரி. ஹபீப் அதைப் பார்த்துவிட்டு வண்டிப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். கேம்ப்பை மேற்பார்க்கும் கம்பெனி ஆளான கேம்ப் பாஸ் வாசலில் கைகட்டி நின்றான். அவன் பக்கத்தில் நஜீஹா, கையில் காகித அட்டையோடு, தன்னைப் பெற்றவளை யாரோ மாதிரி பார்த்தாள்.

அண்டாவின் மூடியைத் திறந்ததும் முற்றத்தில் பேச்சு நின்றது. தட்டுகள் போயின. முதலில் சாப்பிட்டவர்களில் யாழ்ப்பாணத்து ஏரம்பு என்ற கம்பி கட்டுகிறவர் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மரியத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அக்கா, ஆர் சமைச்சது? நீங்களோ? இந்தப் புளிப்பு நல்லா இருக்கு. வாய் செத்துப் போய்க் கிடந்தது.”

மரியம் தலையை மட்டும் ஆட்டினாள்.

ரிபெக்கா வரிசைக்கு வரிசை போய்க்கொண்டிருந்தாள். அவள் எங்கே உணவு கொடுக்கப் போனாலும் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டேதான் இருப்பாள். வெளிச் சாப்பாடு அவளுக்கு ஆகாது. கொடுக்கிறவள் எப்போதும் நிற்பதும் வாங்குகிறவன் எப்போதும் உட்கார்ந்திருப்பதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று மரியத்திடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஏரம்பு விரிப்பில் தள்ளி உட்கார்ந்து இடம் காட்டினார்.

“இருங்கோ மேடம், எங்களோட சாப்பிடுங்கோ.”

ரிபெக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் கை காட்டியது புரிந்தது. இன்றைக்கு அது தன் அடுப்பில் வெந்த சாப்பாடு. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு தட்டு வாங்கினாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். ஒரு வாய் எடுத்தாள்.

மரியம் இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். தோள்வலி தெரியவில்லை. ரிபெக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“சாப்புடாதீங்க மேடம். இதுல தயிர் விழுந்திருச்சி.”

ஹிந்தியில் சொன்னதால் சுற்றியிருந்தவர்களில் பாதிப்பேருக்குப் புரிந்தது. புரியாதவர்களுக்கும், சமைத்தவளே சாப்பிடாதே என்று கையைப் பிடிப்பது தெரிந்தது. பக்கத்தில் நாலைந்து கைகள் நின்றன. பிறகு அந்த வரிசையே நின்றது. கேம்ப் பாஸ் வேகமாக வந்தான்.

“என்ன சாப்பாட்டுல? கெட்டுப் போச்சா? யாரும் தொடாதீங்க. கலாஸ், போதும், எல்லாத்தையும் எடுங்க.”

ரிபெக்கா கையிலிருந்த கவளத்தைத் தட்டில் போட்டாள். மரியத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வியே இல்லை, எல்லாம் புரிந்துவிட்டது.

கேம்ப் பாஸ் குனிந்து ஏரம்புவின் தட்டை எடுக்கப் போனான். மரியம் ரிபெக்காவின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். விரிப்பிலேயே உட்கார்ந்து, அள்ளி, வாயில் போட்டு மென்றாள். இன்னொரு கை. எல்லோரும் பார்க்க.

“சாப்பாட்டுக்கு ஒண்ணும் இல்ல. அவங்க மார்க்கத்துல கறியும் தயிரும் சேரக் கூடாது. அவங்களுக்கு மட்டும் ஆவாது. எனக்கு ஆவும், உங்களுக்கு ஆவும். சாப்புடுங்க.”

யாரும் அசையவில்லை. பத்து நாளாகப் பசித்தவர்கள். ஆனாலும் பயந்துவிட்ட கை தட்டுக்குத் திரும்பத் தயங்கும். அந்த நேரத்தில் நஜீஹா காகித அட்டையைக் கேம்ப் பாஸ் கையில் கொடுத்தாள். ஹீல்ஸைக் கழற்றினாள். விரிப்புக்கு வந்தாள்.

“தள்ளி உக்காருங்க, உம்மா” என்றாள்.

தாயின் தட்டிலேயே கை வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். ஹபீப் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து மகளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். ஏரம்பு, கேம்ப் பாஸ் பிடித்திருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“விடுங்கோ பாஸ். தயிர் சாப்பிட்டு ஆர் செத்தது?”

ஒரு சிரிப்பு எழுந்தது. கைகள் திரும்பின. கேம்ப் பாஸ் நிமிர்ந்து, நஜீஹாவின் கழுத்து அட்டையையும் மரியத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

வண்டி நிழலில் வைத்துத்தான் ரிபெக்கா பேசினாள். சத்தம் போடவில்லை. எத்தனை மணிக்குத் தெரியும் என்று கேட்டாள். பத்தரை என்றாள் மரியம். இப்போது மணி என்ன என்று கேட்டாள். ஒன்றரை.

“குழியில போடச் சொல்லுவீங்கன்னு பயந்துட்டேன்” என்றாள் மரியம்.

ரிபெக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “நான் சொன்னது ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆபா. கோழிக்குச் சட்டம் அவ்வளவு கடுமை இல்லை. நாங்க சாப்பிடத்தான் கூடாது. மத்தவங்களுக்குத் தாராளமாக் கொடுக்கலாம். உனக்குக் குழப்பம் வேணாம்னு எல்லாத்தையும் ஒண்ணாச் சொல்லி வச்சேன். அது என் தப்பு.”

மரியம் பத்தரைக்கே ஒரு போன் செய்திருந்தால், சாப்பிடக் கொடு என்று ரிபெக்காவே சொல்லியிருப்பாள்.

“இந்தச் சோறு தப்பிச்சிது. அண்டா தப்பிக்கல” என்று ரிபெக்கா தொடர்ந்தாள். நாலு அண்டா, கரண்டிகள் எல்லாம் இருபத்து நாலு மணி நேரம் சும்மா கிடக்கவேண்டும். அடுப்பின் மேல்தட்டைப் பழுக்கக் காய வைக்கவேண்டும். அண்டாவையும் கரண்டியையும் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுக்கவேண்டும். முடிவதற்குள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்துவிடும். “காலையில சொல்லியிருந்தா அந்த ஒரு அண்டாவுலயே தவணை தவணையா வேக வச்சு நிறுத்தியிருக்கலாம். மீதி மூணு அண்டாவும் நாளைச் சமையலுக்கு இருந்திருக்கும். அந்த மூணு மணி நேரம்தான் ஆபா எனக்குப் புரியல.”

ஹபீப் குறுக்கே வந்தார். சொல்லாதே என்றது தான்தான், போனைப் பிடுங்கி வைத்ததும் தான்தான், வாளியை உள்ளே வைத்ததும் தான்தான் என்றார்.

“நீங்க டிரைவர், பாய்” என்றாள் ரிபெக்கா. “அடுப்பு இவங்க கையில இருந்தது. இவங்க கைக்குத்தான் நான் பொறுப்புச் சொன்னேன்.”

சாயந்தரம் சமையலறையில் அண்டாக்களைக் கவிழ்த்து வைத்து, யாரும் தொடாமலிருக்க ரிபெக்கா மேலே சிவப்புத் துணியைக் கட்டினாள். பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். நாளை ராத்திரிக்கு இங்கிருந்து சூடாக எதுவும் வராது, ரொட்டியும் காயும் வைத்துச் சமாளியுங்கள் என்று. யார் தவறு என்று எந்த வீட்டுக்கும் சொல்லவில்லை. சபைப் பெரியவருக்கு மட்டும் சொன்னாள். அவர் நீளமாகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடிவு செய்வோம் என்றாராம். கேம்ப் சமையலையா, மரியத்தையா என்பதை அவர் சொல்லவில்லை. ரிபெக்காவும் கேட்கவில்லை.

மரியம் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

“என்கிட்ட மட்டும் கேட்டு என்ன ஆபா?” என்றாள் ரிபெக்கா, அடுத்த நம்பரைத் தேடிக்கொண்டே. “நாளைக்கு ஆறிப்போன ரொட்டியோட உக்காரப் போறது நாற்பது வீடு. அதுல எண்பத்து மூணு வயசுல ஒரு அம்மா இருக்காங்க. வாரம் பூரா இந்தச் சூட்டுக்குத்தான் காத்திருப்பாங்க.”

பிக்அப்பில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நஜீஹா நடுவில் உட்கார்ந்திருந்தாள். இருநூற்றெண்பது தட்டு என்று மட்டும் எழுதாமல், பத்து நாளாக மெஸ் மூடியிருப்பதையும் அறிக்கையில் எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். அதற்கு முன்பே கேம்ப் பாஸ் மேனேஜருக்குப் போன் செய்துவிட்டிருந்தான். மேனேஜரின் செய்தி அவள் போனில் இருந்தது: காலை ஒன்பது மணிக்கு என் ரூமுக்கு வா.

“வேல போனா?” என்று கேட்டார் ஹபீப்.

“போகட்டும் வாப்பா. இப்ப அதப் பேச வேணாம்.”

மரியம் ஜன்னல் பக்கம் இருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. விரல்களை மடக்க முடியவில்லை. கேம்ப்பில் சாப்பிட்டவர்கள் யாருக்கும் அவள் இன்று எதுவும் பாக்கி வைக்கவில்லை. நஜீஹாவின் ஒன்பது மணி அவள் கையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முடிவும் அவள் கையில் இல்லை.

ஆனால் நாற்பது வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியின் சூடான சாப்பாடு, அவள் கொடுக்கவேண்டியது, அப்படியே பாக்கி.